மாலை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலைப் பக்கம் முப்பது வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் டெஸ்ட் பண்ணுவது, பிரேம் மாட்டுவது, லென்ஸ் வெட்டுவது, இதுதான் தொழில். டாக்டர் இல்லை. ஆனாலும் குடியை நிறுத்தியவர்களின் கண்ணைப் பற்றி உங்கள் பத்திரிகையில் நாலு வரி வரவேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு எண்ணம், கார்த்திகை நெருங்குவதால் இப்போதாவது எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், வெட்டிப் போடுவதானால் கடைசியில் நான் கேட்டிருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

என் அக்கா வீட்டுக்காரர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு விடியுமுன்னே தோட்டத்துக்குள் போனால் வெயில் ஏறும்போது வீடு திரும்புவார். பதினைந்து வருஷத்துக்கு மேல் குடி. தினமும் ஒரு ஆஃப், அதில் ஒரு கட்டிங் மிச்சம் வைத்து மறுநாள் காலையில். ரகளை கிடையாது, ரோட்டில் விழுந்து கிடந்ததும் கிடையாது, அதனால் ஊருக்குள் அவரைக் குடிகாரர் என்று யாரும் சொல்லவே மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டார். முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணியோடு நிறுத்தினார். மாலை போட்டால் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

அன்றைக்கு சாயங்காலமே கடைக்கு வந்தார். "மக்கா, கண்ணுல என்னமோ கோளாறு, இந்த டியூப் லைட்டப் பாக்கவே முடியல, வெட்டி வெட்டி எரியுது கேட்டியா" என்றார். டியூப் லைட் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. உட்கார வைத்து முழுசாகப் பார்த்தேன். தூரப்பார்வை 6/6. படிக்கிறதுக்கு மட்டும் ஒன்றரை பவர், அது ஏற்கெனவே உள்ளது. கண்ணின் பாவை மட்டும் அந்த வெளிச்சத்துக்கு இருக்கவேண்டிய அளவைவிட விரிந்திருந்தது. படிக்கிற அட்டையைக் கையில் கொடுத்தால் அட்டை நடுங்குகிறது, எழுத்தை விரலால் பிடிக்கப் பார்க்கிறார், நழுவுகிறது. நவம்பர் மாசம், வெளியே மழை, அவருக்குச் சட்டையெல்லாம் வியர்வை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? விரதம், வயிற்றில் ஒன்றும் இல்லை, சுகர் இறங்கியிருக்கும் என்று. டீ வாங்கிக் கொடுத்து ஒரு கூலிங் கிளாஸையும் மாட்டி அனுப்பினேன், காசுகூட வாங்கவில்லை. இப்போது அதை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. அவர் கண்ணில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த அந்த நிமிஷமே வேறு எங்கே கோளாறு என்று யோசித்திருக்க வேண்டியவன் நான்தான்.

மறுநாள் அக்கா ஒரு சின்ன கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறாள். பெயர் வேண்டாம். குடியைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை, மாலை போட்ட மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்? சோர்வு என்று ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போன். அக்கா அழுதுகொண்டே "சீக்கிரம் வா, அத்தானுக்கு என்னமோ ஆயிட்டு" என்றாள். போய்ப் பார்த்தால் வீட்டில் லைட்டையெல்லாம் அணைத்து வைத்திருந்தார்கள், வெளிச்சம் ஆகவில்லை என்று அவர் சொன்னாராம். மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து போர்வையின் கோடுகளை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி, இழுத்து, சுருட்டி, பக்கத்தில் இல்லாத ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஒட்டுப்பால் உரிக்கிறார். மரத்தில் முந்தின நாள் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரிப்பார்களே, அதே கை, அதே வேகம். நடுநடுவே "சிரட்டைய எடு, பால் வழியுது" என்கிறார். சுவரைக் காட்டி "முசுறு, முசுறு ஏறுது பாரு" என்று காலை உதறுகிறார். என்னைப் பார்த்து யாரோ மேஸ்திரி என்று நினைத்துப் பேசினார். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது.

அவர் அம்மா இசக்கி பிடித்திருக்கிறது என்று திருநீறு போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விரதத்தில் குறை, சாமி குத்தம் என்கிறார். மாலை போட்டவனுக்கு எப்படி இசக்கி வரும் என்று அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் ஒரு வாக்குவாதம் வேறு. மந்திரவாதிக்குச் சொல்லி ஆள் போயாச்சு. அவர் வருவதற்குள் நான் 108க்குப் போன் பண்ணி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இந்த மூன்று நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

அங்கே டியூட்டியில் இருந்த டாக்டர் முதலில் கேட்டது "கடைசியா எப்ப குடிச்சார்?" என்றுதான். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை, ஒன்றுமே எழுதாத தாளை, அத்தான் கையில் கொடுத்து "இதுல என்ன எழுதியிருக்கு, வாசிங்க" என்றார். அத்தான் கண்ணை இடுக்கிக்கொண்டு பம்பைக்குப் போகிற பஸ் நேரத்தை வரிசையாக வாசித்தார். ஐந்து மணி, ஆறே கால், ஏழரை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆயிரக்கணக்கான பேருக்கு எழுத்தட்டையைக் காட்டி வாசிக்கச் சொன்னவன் நான், இல்லாத எழுத்தை ஒருவர் தடங்கல் இல்லாமல் வாசித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதற்குப் பெயர் டெலிரியம் டிரெமன்ஸ், அதாவது நடுக்கத்தோடு வரும் பிதற்றல். 1813லேயே தாமஸ் சட்டன் என்கிற ஆங்கிலேய மருத்துவர் வைத்த பெயர். குடித்ததால் வருவதில்லை, தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தியதால் வருவது. இதை அமெரிக்காவில் லெக்சிங்டன் என்ற ஊரில் ஹாரிஸ் இஸ்பெல் 1955ல் நேராகவே காட்டினார், சம்மதித்த சிலருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்துக்கொண்டே வாரக்கணக்கில் மதுவும் கொடுத்து, பிறகு நிறுத்தினார். வலிப்பும் பிதற்றலும் வந்தன. இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது.

ஏன் இப்படி ஆகிறது என்று அந்த டாக்டரிடமும், பிறகு கடைக்கு வரும் கண் டாக்டர்களிடமும் கேட்டு, படித்தும் பார்த்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். சுசீந்திரம் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்து இழுக்கிறவர்கள் ஒரு பக்கம், சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஒரு பக்கம், இரண்டும் சரியாக இருந்தால்தான் தேர் ஒழுங்காக நகரும். மூளையில் அடக்கி வைக்கும் வேலையைச் செய்கிற ரசாயனம் காபா, கிளப்பிவிடும் வேலையைச் செய்வது குளூட்டமேட். மது காபாவுக்குத் துணை நின்று குளூட்டமேட்டை அமுக்குகிறது, அதாவது கூடுதலாக ஒரு கட்டையைச் சக்கரத்துக்குக் கீழே போடுகிறது. வருஷக்கணக்கில் இப்படிப் போனால் மூளை சும்மா இருக்குமா? தன் சொந்தக் கட்டையைக் குறைத்துக்கொண்டு வடத்துக்கு ஆள் சேர்க்கிறது. குடிக்கிறவரை தேர் சாதாரணமாக ஓடுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் மதுக்கட்டையை உருவினால்? வடத்தில் அத்தனை பேரும் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள், கீழே கட்டை இல்லை.

அது ஏன் கண்ணில் தெரிகிறது? கண் பார்ப்பதில்லை என்பதுதான் பதில், என் பிழைப்பே கண்ணில்தான் என்றாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். கண் அனுப்புகிறது, பிடரிப் பக்கம் இருக்கிற மூளைதான் பார்க்கிறது. பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் வி.இ.பி. என்று ஒரு டெஸ்ட் உண்டு, அந்த ரிப்போர்ட்டோடு என் கடைக்கும் ஆட்கள் வருவார்கள். பின்மண்டையில் சின்ன மின்வாய்களை ஒட்டி, எதிரே திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் சுமார் 100 மில்லி விநாடியில், அதாவது விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், மூளையிலிருந்து ஒரு அலை எழும். மது உள்ளே இருக்கும்போது இந்த மாதிரி அலைகள் அமுங்குகின்றன. நிறுத்திய முதல் நாட்களில் அதே வெளிச்சத்துக்கு, அதே கட்டத்துக்கு, அலை வழக்கத்தைவிட உயரமாக எழுவதை ஆய்வுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். நியூயார்க்கில் ஹென்றி பெக்லைட்டர், பெர்னிஸ் போர்ஜெஷ் ஆகியோர் இந்த வேலையைப் பல வருஷம் செய்தவர்கள். பல ஆண்டு குடித்தவர்கள் சிலரில், நிறுத்திய பிறகும் அலை தாமதமாக வருவது உண்டு, அது நரம்பே பழுதானதன் அடையாளம், வேறு கதை.

சரி, கடையில் அத்தான் டியூப் லைட்டைச் சொன்னாரே, அது பொய்யில்லை. அவர் பிடரி மூளைக்கு அந்த வெளிச்சம் நிஜமாகவே பெரிதாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாவை விரிந்து கூடுதல் வெளிச்சமும் உள்ளே போயிருக்கிறது. அடுத்த கட்டத்தில் உள்ளே எதுவும் போகாமலே அலை எழுகிறது, சுவரில் முசுறு ஏறுகிறது. ஹூகோ லீப்மான் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895லேயே எழுதியிருக்கிறார், இந்த நிலையில் இருப்பவரின் மூடிய இமையை மெல்ல அழுத்தினாலே உருவங்கள் தெரிய ஆரம்பிக்கும் என்று. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

எனக்கு ரொம்ப உறைத்தது இன்னொன்று. குடியை நிறுத்தியவர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்று அளக்க ஆஸ்பத்திரிகளில் பத்துக் கேள்வி கொண்ட ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், மொத்தம் 67 மதிப்பெண். அதில் ஒன்று முழுக்கக் கண்ணைப் பற்றியது. வெளிச்சம் ரொம்ப அதிகமாகத் தெரிகிறதா? நிறம் மாறித் தெரிகிறதா? கண்ணை உறுத்துகிறதா? இல்லாதது ஏதாவது தெரிகிறதா? நடுக்கமும் வியர்வையும் அதில் தனித்தனிக் கேள்விகள். அன்று சாயங்காலம் என் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அத்தான் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறார், நான்தான் கேள்வி தெரியாமல் கூலிங் கிளாஸ் கொடுத்தேன்.

நேரக்கணக்கும் ஏறக்குறைய சொல்லிவைத்த மாதிரிதான் நடக்கிறது. கடைசியாகக் குடித்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு. 12 முதல் 24 மணிக்குள் சிலருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே உருவங்கள் தெரியும். இரண்டாம் நாள் முடிந்து நாலாம் நாள் வரைதான் இந்தப் பிதற்றல் வரும் காலம். நிறுத்துகிறவர்கள் எல்லோருக்கும் வராது, நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர் என்கிறார்கள். ஆனால் வந்தவரைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

குளுக்கோஸ் விஷயம். ரொம்ப நாள் குடித்தவர் உடம்பில் தியாமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க மூளைக்குத் தியாமின் வேண்டும். தியாமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சம் இருக்கிறதும் தீர்ந்து வெர்னிக்கே என்கிற மூளைக்கோளாறு வரலாம், 1881ல் கார்ல் வெர்னிக்கே விவரித்தது. அதுவும் கண்ணில்தான் தெரியும், விழி தானாக ஆடும், ஒன்று இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். பார்க்கிறவர்கள் இன்னும் போதை இறங்கவில்லை என்பார்கள். அத்தானுக்கு நல்லவேளையாக அது வரவில்லை. ஆசாரிப்பள்ளத்தில் முதலில் தியாமின் ஊசி, கூடவே லோராசிபாம், வெளிச்சம் உள்ள அமைதியான இடத்தில் கட்டில். இருட்டாக்குவது தப்பாம், நிழலெல்லாம் உருவமாகிவிடும் என்று அங்கிருந்த நர்ஸ் அக்காவிடம் சொன்னார். ஐந்தாம் நாள் காலையில் "எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்டார், அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

வீட்டில் ஒரு பெரியவர் அன்று ராத்திரி "ஒரு கட்டிங் ஊத்திக் கொடுங்கடே, சரியாயிடும்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதே கட்டையைத் திரும்பப் போட்டால் தேர் நிற்கும்தான். அந்த வேலையைத்தான் மருந்து அளவாகச் செய்து படிப்படியாகக் கட்டையை எடுக்கிறது. ஊற்றிக் கொடுத்தால் அடுத்த முறை நிறுத்தும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், அதுவும் முன்னைவிட மோசமாக. நிறுத்தி, குடித்து, நிறுத்தி, குடித்து என்று போகப்போக ஒவ்வொரு நிறுத்தலும் மூளையை இன்னும் உசுப்பிவிடுகிறது என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். நம் மாவட்டத்தில் இது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். கார்த்திகையில் மாலை போட்டு நாற்பத்தொரு நாள் நிறுத்தி, மலை இறங்கியதும் தொடங்குகிறவர்கள் எத்தனை பேர். தவக்காலத்தில் சாம்பல் புதனோடு நிறுத்தி ஈஸ்டர் அன்று தொடங்குகிறவர்கள் கடற்கரை ஊர்களில் எத்தனை பேர். நல்ல மனசோடுதான் நிறுத்துகிறார்கள். போன வருஷம் சும்மா இருந்ததே, இந்த வருஷமும் இருக்கும் என்று யாரும் நம்பவேண்டாம்.

மதுக்கடையை மூடக்கூடாது என்று சொல்கிறேனோ என்று யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள். இல்லை. 2015 ஜூலை 31 அன்று நம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரை விட்டது இந்த மண்ணில்தான், நானும் மூடச் சொல்கிற கட்சிதான். ஆனால் மூடுகிற நாளில் என்ன நடக்கும் என்று 2020 கொரோனா ஊரடங்கில் பார்த்தோமே. மார்ச் கடைசியில் மூடிய கடைகளை மே 7ல்தான் திறந்தார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் குடி நின்று தவிக்கிறவர்களுக்கு டாக்டர் சீட்டுக்கு மது கொடுக்கலாம் என்று அரசு உத்தரவே போட்டு, உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கடையை மூடும்போது ஆஸ்பத்திரியைத் திறந்து வைக்கவேண்டும், அவ்வளவுதான் என் கட்சி. 2024ல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் செத்தபோது மெத்தனால் குடித்தால் கண் போகும் என்று ஊரெல்லாம் தெரிந்துகொண்டது. அது கண் நரம்பையே அழிப்பது. நான் சொல்வது அரசுக் கடைச் சரக்கை வருஷக்கணக்கில் குடித்து ஒழுங்காக நிறுத்துகிறவனுக்கு வருவது. 'மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், சரி, நிறுத்துகிறவன் எப்படி நிறுத்தவேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது?

நான் கேட்பது இதுதான். அக்டோபர் 2, ஜனவரி 26, தேர்தல் என்று மதுக்கடை மூடும் அறிவிப்பை நீங்கள் போடுகிறீர்கள். அதன் கீழேயே ஒரு சின்னக் கட்டம் கட்டி இதைப் போடுங்கள்: 'தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தாமல் முதலில் டாக்டரைப் பார்க்கவும். நிறுத்திய நாலு நாளுக்குள் நடுக்கம், வெளிச்சம் கூசுதல், இல்லாதது தெரிதல், வலிப்பு, ஆள் தெரியாமல் பேசுதல் இருந்தால் உடனே 108. டாக்டரிடம் குடியை மறைக்காமல் சொல்லவும். யோசனை கேட்க அரசு மனநல உதவி எண் 14416.' கார்த்திகை ஒன்றுக்கும் சாம்பல் புதனுக்கும் ஒரு வாரம் முன்னால் கட்டாயம் போடுங்கள். கண்ணாடிக் கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், கண் சரியாக இருந்தும் லைட் கூசுகிறது என்று கை நடுங்க வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்.

அத்தான் கதையை முடிக்கவேண்டும். ஆறு மாசம் சும்மா இருந்தார், அப்புறம் மறுபடி தொடங்கிவிட்டார். பாட்டிலைப் பார்த்தாலே, ஏன் படத்தைப் பார்த்தாலே, பழகிய மூளை தனியாகக் கிளம்புகிறது என்று ஸ்கேன் எடுத்துக் காட்டியிருக்கிறார்களாம். அவர் வேலைக்குப் போய்வருவதோ மதுக்கடை இருக்கும் ஜங்ஷன் வழி. போன வருஷம் கார்த்திகைக்குப் பத்து நாள் முன்னாலேயே டாக்டரிடம் போனோம். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, தியாமினும் கொடுத்து நிறுத்தினார்கள். இப்போது ஜங்ஷனை விட்டுவிட்டு வாய்க்கால் கரை வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறார், ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல்.

அந்த முறை நிறுத்திய மூன்றாம் நாள் மத்தியானம் கடைக்கு வந்தார். உட்கார வைத்து, நல்ல நோக்கத்தோடுதான், "டியூப் லைட் எப்படித் தெரியுது அத்தான்?" என்று கேட்டேன்.

"டியூப் லைட் மாதிரிதான் தெரியுது. அந்த கூலிங் கிளாஸ இன்னும் வச்சிருக்கேன், வேணும்னா எடுத்துக்கோ" என்றார்.

இப்படிக்கு,
ஒரு கண்ணாடிக் கடைக்காரர்,
தக்கலை.